குருணையின் உள்நிறம்

முத்தாண்டிக்குப்பம் காலனியில் மணிமொழிக்குக் கெமிஸ்ட்ரி என்று பெயர். கேலியாக வைத்தது. பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில், அடுப்பில் வைத்த பால் ஏன் பொங்குகிறது, ஆணி ஏன் துருப்பிடிக்கிறது என்று தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்ததால் வந்தது. நாளடைவில் கேலி தேய்ந்து பெயர் மட்டும் தங்கிவிட்டது. இப்போது நாற்பதை நெருங்குகிறாள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்கிறவர்களிடம் காரணம் சொல்வதும் இல்லை.

அப்பா தனகோட்டி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். ஆகாமலே போய்ச் சேர்ந்தார். அம்மா அம்சவல்லி முந்திரி உடைக்கிறவள். கொட்டையைக் கட்டரின் வாயில் வைத்து, காலால் மிதித்து, கையால் நெம்பினால் ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு தெறிக்கும். ஓட்டுக்குள் ஒரு கறுப்புப் பால் உண்டு. பட்ட இடம் வெந்து, கறுத்து, தோலாக உரியும். அதற்காகப் பெண்கள் வேலைக்கு உட்காரும் முன் கைகளில் அடுப்புச் சாம்பலை அப்பிக்கொள்வார்கள். அப்படியும் அம்சவல்லியின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. ரேஷன் கடை மிஷின் அவளை ஒரு தடவைகூட ஒழுங்காக அடையாளம் கண்டதில்லை.

மணிமொழியும் ஐந்தாறு வருஷம் அந்தக் கட்டருக்கு முன்னால் உட்கார்ந்தவள்தான். தம்பி அன்புச்செல்வன் உட்காரவில்லை. அவள் விடவில்லை. அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். எம்.எஸ்ஸி. முடித்ததும் தனக்குக் கிடைத்த முதல் வேலையை, அது என்ன வேலை என்றுகூடக் கேட்காமல் ஒப்புக்கொண்டதற்கு அவனுடைய ஃபிட்டர் படிப்புச் செலவுதான் காரணம்.

வேலை கொடுத்தவர் செல்வகுமார். ஏதோ ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் ஓய்வு பெற்று, மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் பஞ்சர் கடைக்கு மேல் மாடியில் சொந்தமாக லேப் வைத்திருந்தார். அவருக்கு ஒரே கிறுக்கு, சாம்பல். நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்தபின் மலை மலையாக மிஞ்சும் சாம்பலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டுக் கொதிநிலைக்கு அருகில் ஒரு நாள் வேகவைப்பார். சாம்பலில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, வேறு ஒழுங்கில் மறுபடி கூடிப் படிகமாகும். அதுதான் சியோலைட். பார்க்கக் கோலமாவு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு துகளுக்குள்ளும் கண்ணுக்கு எட்டாத, ஒரே அளவான துவாரங்கள், வரிசை வரிசையாக. அந்தத் துவாரங்களின் சுவரில் இரும்பை ஏற்றுவார்கள். பிறகு களிமண்ணோடு பிசைந்து, மிளகு அளவு குருணைகளாக உருட்டிச் சுடுவார்கள். சுட்டால் இளம் செங்கல் நிறம் வரும்.

குருணை என்ன செய்யும் என்று அம்மாவுக்கு விளக்கியது மணிமொழிக்கு நினைவிருக்கிறது.

"ஓட்டுப் பால் கலந்த தண்ணி இருக்குதில்ல, கறுப்பா. அத்த இந்தக் குருணைக்குள்ள வுட்டு, கூடவே பெராக்சைடுன்னு ஒரு மருந்தும் வுட்டா, உள்ள இருக்கிற இரும்பு அந்த மருந்த ஒடைக்கும். ஒடைஞ்சது போயி பாலை எரிச்சுடும். தண்ணிக்குள்ளயே. நெருப்பு இல்லாம."

"தண்ணிக்குள்ள எரியுமா?"

"ஆக்சிஜனேற்றம்மா. எரியறதும் அதுதான், துருப்பிடிக்கறதும் அதுதான்."

"குருணை தீந்து பூடாதா?"

"பூடாது. அது வேலைய நடத்தி வைக்கும், தான் செலவாகாது. அதான் வினையூக்கி."

அம்சவல்லி சாம்பல் பூசிய கைகளைப் பார்த்துக்கொண்டு, "அப்பிடியாப்பட்ட ஆளு ஒலகத்துலயே கெடையாது புள்ள," என்றாள்.

*

காலனியின் கோடியில் குமரவேலின் ஆலை இருந்தது. முந்திரி ஓட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை. காலனியில் பாதி வீடுகளுக்கு உடைக்கக் கொட்டை கொடுப்பவரும் அவரே. ஆலையின் கழிவுநீர் கறுப்பாக, மூக்கை அறுக்கும் வாடையோடு வாய்க்காலில் ஓடியது. போன வருஷம் கோடையில் காலனியின் கைப்பம்பில் அந்த வாடை வந்தது. பெண்கள் ஆலை கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் உட்கார்ந்தவள் விஜயலட்சுமி. மணிமொழியோடு ஒரே கட்டரில் மாறி மாறி வேலை செய்தவள், பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவள். ஆலை நின்றுபோனது.

அப்போது மணிமொழி நடுவில் போனாள். அவளாகத்தான் போனாள். செல்வகுமார் சாரிடம் பேசி, குமரவேலிடம் பேசி, ஆலைக்குள் ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஸ்டீல் டவர் நிறுத்த வைத்தாள். டவர் நிறைய அவளுடைய குருணை. மேலே கழிவுநீரும் பெராக்சைடும் போகும், கீழே தெளிந்த தண்ணீர் வடியும். கழிவுநீர் ஆலையிலிருந்து சூடாகவே வரும். உள்ளே வேலை நடக்கும்போது இன்னும் கொஞ்சம் சூடேறும். டவரின் அடியில் கை வைத்தால், அடுப்பில் சூடேறத் தொடங்கிய உலைநீர் போல இருக்கும். டவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஃபிட்டர் வேண்டும் என்றார் குமரவேல். தம்பி இருக்கிறான் என்றாள் மணிமொழி.

தொடங்கிவைக்கும் நாளன்று காலனியே ஆலை வாசலில் நின்றது. அன்று காலை ஆலையைச் சோதனைக்காகக் கொஞ்ச நேரம் ஓட்ட வைத்து, மணிமொழி டவர் தண்ணீரைப் பரிசோதித்திருந்தாள். அவள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. கண்ணாடிக் குடுவையில் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். தெளிவாக இருந்தது.

விஜயலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நல்லாத்தான் கீது கெமிஸ்ட்ரி. மொகம் கூடப் பாக்கலாம். நீ குடிப்பியா இத்த?"

பெண்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "அவ குடிக்க மாட்டா, பாட்டில்ல போட்டு நமக்கு விப்பா," என்றாள்.

"குடிக்கிறேன்," என்றாள் மணிமொழி.

செல்வகுமார் சார் அவள் காதுக்குள், "இது வெளிய விடற தண்ணிம்மா, குடிக்கிற தண்ணி இல்ல. பைத்தியமா?" என்றார்.

"ஒரு தம்ளர்தானே சார்."

குமரவேல் ஆளை அனுப்பித் தன் வீட்டிலிருந்து தம்ளர் எடுத்துவரச் சொன்னார். காலனி ஆட்களுக்கு அவர் வாசலில் டீ வந்தால் பேப்பர் கப்பில்தான் வரும். அன்று வந்தது எவர்சில்வர் தம்ளர். விளிம்புக்குக் கீழே அவருடைய அம்மா பெயர், ராஜாம்பாள் என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். தண்ணீரைப் பார்த்தவர்களைவிடத் தம்ளரைப் பார்த்தவர்களே அதிகம். மணிமொழியும் பார்த்தாள்.

அன்புச்செல்வன் தம்ளரை வாங்கிக்கொண்டு டவருக்குப் பின்னால் போய்ப் பிடித்து வந்தான். மணிமொழி உதட்டில் வைத்தே குடித்தாள். அந்தத் தம்ளரை அண்ணாந்து குடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தண்ணீர் ஜில்லென்று நெஞ்சில் இறங்கியது. காலித் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"சர்தான்," என்றாள் விஜயலட்சுமி. "மணியே குடிச்சிட்டா. வாங்கடி, போலாம்."

மறுநாளிலிருந்து ஆலை பழையபடி ஓடியது.

*

குருணை தீர்ந்துபோகாது என்று அம்மாவிடம் சொன்னது முழு உண்மை இல்லை. தீராது, ஆனால் களைத்துப்போகும். எரியாமல் மிஞ்சிய பிசின் துவாரங்களில் அடைத்துக்கொள்ளும். மாதத்துக்கொரு முறை அன்புச்செல்வன் டவரின் குருணைகளை வாளிகளில் அள்ளி, பைக்கில் கட்டிக்கொண்டு லேப்புக்கு வருவான். செங்கல் நிறமாகப் போனவை கரிக்கறுப்பாக வரும். மணிமொழி அவற்றை உலையில் வைத்துச் சுடுவாள். அடைப்பு எரிந்து போய்ப் பழைய நிறம் திரும்பும். கூடவே அவன் ஒரு கேனில் டவர் தண்ணீரும் கொண்டுவருவான். அதைப் பரிசோதித்து எழுதுவாள்.

முதல் இரண்டு மாதம் முடிவுகள் நன்றாக இருந்தன. அதற்குப் பிறகு பிரமாதமாக இருந்தன. லேப்பிலேயே அவ்வளவு சுத்தமாக ஒருநாளும் வந்ததில்லை. செல்வகுமார் சார் பஞ்சர் கடைக்காரர் வரைக்கும் இனிப்பு கொடுத்தார். பண்ருட்டிப் பக்கம் இன்னொரு ஆலைக்கும் பேச்சு நடந்தது.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விஜயலட்சுமி மந்தாரக்குப்பம் வீட்டுக்கே வந்தாள். உட்காரவில்லை. கைகளைக் காட்டினாள். புறங்கையெல்லாம் தடித்திருந்தது.

"பம்பு தண்ணி மறுக்கா நாறுது மணி. கொழந்தைங்களுக்கும் அரிப்பு."

"அது பழைய அழுக்கு விஜயா. மண்ணுக்குள்ள எறங்குனது மேல வந்துகினு இருக்குது. புதுசா எதுவும் எறங்கல. நான் மாசா மாசம் பாக்கறேன் இல்ல? போகப் போகச் சரியாப் பூடும்."

"நீ சொன்னா சரி," என்று விஜயலட்சுமி போய்விட்டாள்.

மணிமொழி காலனிக்குப் போகும்போதெல்லாம் அம்மா அவளுக்குக் கேன் தண்ணீர் கொடுத்தாள். மூலையில் நீலக் கேன் ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது. கேட்டதற்கு, "நீ டவுன்ல இருக்கறவ. ஒனக்கு வவுறு ஒத்துக்காது," என்றாள். டவுன் என்பது மந்தாரக்குப்பம். மணிமொழி சிரித்துக்கொண்டே குடித்தாள்.

*

தை மாதம் வந்த குருணைகளை உலையில் வைத்த சற்று நேரத்தில் லேப் முழுக்கப் புகை. வழக்கமான புகை இல்லை. கண்ணைக் குத்திக் கிழிக்கும், தொண்டையை இறுக்கும் புகை. கீழே இருந்த பஞ்சர் கடைக்காரர், "எம்மா, எதக் கொளுத்தற? முந்திரித் தோப்பையா?" என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

மணிமொழி உலையை நிறுத்தினாள். கண்ணில் நீர் கொட்ட அங்கேயே நின்றாள். அந்த வாடை அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லக்கூடிய வாடை. பச்சை ஓட்டெண்ணெய். டவரில் வேலை செய்த குருணையில் அது இருக்கக்கூடாது. எரிந்து மிஞ்சிய பிசின் இருக்கலாம், எண்ணெய் இருக்க முடியாது.

சுடாமல் மிச்சமிருந்த வாளியில் கையை விட்டாள். குருணைகள் வழுக்கின. விரல் கறுப்பானது. ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து பிளேடால் இரண்டாகப் பிளந்தாள்.

மேலே கரிக்கறுப்பு. உள்ளே செங்கல் நிறம்.

இன்னொன்றைப் பிளந்தாள். அதுவும் அப்படியே. வாளியின் அடியிலிருந்து, நடுவிலிருந்து, ஓரத்திலிருந்து எடுத்துப் பிளந்துகொண்டே போனாள். முந்திரி உடைத்த காலத்தின் வேகம் கைக்கு வந்துவிட்டது. கழிவுநீர் ஊறிய குருணை நடு வரை கறுத்திருக்கும். தண்ணீர் நுழையாத மூலை அதற்குள் கிடையாது. இவற்றுக்குள் தண்ணீரே போகவில்லை. யாரோ அவள் சுட்டு அனுப்பிய குருணைகளை அப்படியே ஓட்டெண்ணெயில் புரட்டி, கறுப்பாக்கி, வாளியில் நிரப்பியிருக்கிறார்கள். எண்ணெய் கெட்டி. மேல்தோலோடு நின்றுவிட்டது. முந்திரிக்காரர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். கறுப்பு வேண்டும் என்றால் வேறெங்கே போவார்கள்? எண்ணெய் எரிந்தால் ஊருக்கே தெரியும் என்பதும் அவர்களுக்குத்தான் மறந்துபோகும். பிறந்ததிலிருந்து அந்த வாடைக்குள்ளேயே இருப்பவர்கள்.

யாரோ என்று நினைத்தாள். யார் என்று நினைக்க மனம் வரவில்லை. வாளியின் கைப்பிடியில் அன்புச்செல்வனின் பழைய லுங்கித் துணி சுற்றியிருந்தது. கை அறுக்காமல் இருக்க அவன் சுற்றுவது.

செல்வகுமார் சார் இரண்டு பாதிகளையும் உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"டவர் ஓடவே இல்ல," என்றார். பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்படின்னா நம்ம வினையூக்கி ஃபெயில் ஆகல. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கணும். ஓடாத மிஷினை வெச்சு மெட்டீரியல் சரியில்லன்னு யாரும் சொல்ல முடியாது."

"சார், கைப்பம்பு தண்ணி நாறுது."

"தெரியுதும்மா. ஆனா பண்ருட்டி பார்ட்டி அடுத்த வாரம் வராங்க. அதுவரைக்கும் உன் தம்பிகிட்ட மட்டும் பேசு. வீட்டு விஷயமா பேசிக்க."

வீட்டு விஷயம். மணிமொழி நாலைந்து குருணைகளைத் தாளில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

அன்புச்செல்வன் வீட்டில்தான் இருந்தான். இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் முன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அம்சவல்லி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. இன்னா திடீர்னு? குந்து, சாப்புடு. கருவாடு."

மணிமொழி தாளைப் பிரித்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிளந்த குருணைகள். அவன் பார்த்தான். கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது.

"உள்ள வெட்டிப் பாப்பன்னு தோணலியா?"

"உள்ள ஏறியிருக்கும்னு நெனச்சேன்," என்றான். மறுத்துச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. "இத்தினி மாசமும் கழிவுத் தண்ணியிலதான் ஊறப் போட்டேன்க்கா. இந்தத் தபா கறுப்பு பத்தலன்னு ரெண்டு நாளு எண்ணெயில போட்டேன்."

"எப்பலேர்ந்து?"

"மூணாவது மாசத்துலேர்ந்து. மொதலாளி மருந்து வாங்கறத நிறுத்திட்டாரு. தண்ணி டவருக்குள்ள போவாம பைபாஸ் வால்வு போட்டாச்சு."

"தண்ணி எங்க போவுது?"

"பின்னால தூந்துபோன பழைய போர் கெணறு இருக்குதில்ல. அதுல."

"நீ எனக்கு டெஸ்டுக்குக் கொண்டாந்து குடுத்தது?"

"ஆலையில ஆழமா போட்ட வேற போர்த் தண்ணி. நெறத்துக்குக் கொஞ்சம் கழிவுத் தண்ணியக் கலந்தேன்."

மணிமொழிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்தது. அவன் முகம் சின்ன வயதில் பாடப்புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற முகமாகவே இருந்தது. "குமரவேல் சொன்னா செஞ்சுடுவியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா ஒனக்கு? நான் அத்தினி பேரு முன்னால குடிச்சுக் காட்டினேன்டா!"

அன்புச்செல்வன் அம்மாவைப் பார்த்தான். அம்சவல்லி குழம்புச் சட்டியை மூடினாள். மூடியைத் தூக்கினாள். மறுபடி மூடினாள்.

"நீ அத்தக் குடிக்கலக்கா," என்றான்.

"எத்த?"

"அன்னிக்கு. தம்ளர்ல. டவர் தண்ணி இல்ல அது. பின்னால போர் கொழாயில புடிச்சேன்."

அவள் உதட்டில் அந்த எவர்சில்வர் விளிம்பு வந்தது. ஜில்லென்று இறங்கிய தண்ணீர் வந்தது. டவர் தண்ணீர் ஒருநாளும் ஜில்லென்று இருக்காது. அன்று காலையில் அவளே அடியில் கை வைத்துப் பார்த்திருந்தாள், வெந்நீராக இருந்தது. கெமிஸ்ட்ரி என்று பெயர் வாங்கியவள் சூட்டையும் குளிர்ச்சியையும் பிரித்தறியாமல் குடித்திருக்கிறாள். தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாம்பாள் என்ற எழுத்துகளை.

"நான்தான் சொன்னேன்," என்றாள் அம்சவல்லி. "அவன வையாத. நான்தான் சொன்னேன், அக்கா அத்தக் குடிக்கக் கூடாது, மாத்திக் குடுறான்னு. அந்தப் பாலு பட்டா கையே வெந்து பூடுது. வவுத்துக்குள்ள போனா? கல்யாணம் காட்சி இல்லாம எங்களுக்கோசரம் நின்ன பொண்ணு நீ. ஒன்னக் காவு குடுக்கச் சொல்றியா என்னிய?"

"அன்னிக்கு அந்தத் தண்ணி நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் சொன்னேனே. ஒனக்கு ஒக்கார வெச்சு சொன்னேனே."

"நீ சொன்ன," என்றாள் அம்சவல்லி. "சொன்னா பயம் போயிடுமா?"

அன்புச்செல்வன் தலையை நிமிர்த்தாமல் பேசினான். தம்ளரை மாற்றியதைக் குமரவேல் பார்த்திருக்கிறார். அப்போது எதுவும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து பெராக்சைடு டின்கள் தீர்ந்தபோது, வாங்க வேண்டும் என்று இவன் போய் நின்றிருக்கிறான். குமரவேல் சிரித்தாராம். "ஒன் அக்காளுக்கே நீ அத்தக் குடுக்கல. அப்புறம் இன்னாத்துக்குடா எனக்கு இந்த மிஷினு?" என்றாராம்.

"நான் இன்னாக்கா பதில் சொல்றது?"

பதில் இருந்தது. என் அக்கா செய்தது வேலை செய்யும், அம்மாவுக்குப் பயம், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. அவனுக்கும் நம்பிக்கை இல்லை. தன் பிழைப்பு, தன் படிப்பு எல்லாம் அக்காவின் எந்த வித்தையிலிருந்து வந்ததோ அதை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. ஃபிட்டர் வேலைக்கு ஒரு டவர் கிடைத்தது, அவ்வளவே அவனுக்கு. நெருப்பில்லாமல் தண்ணீருக்குள் எரியும் என்று அக்கா சொன்னதை, அம்மாவைப் போல, அக்காவின் பிரியமான பேச்சு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

மூலையில் நீலக் கேன் இருந்தது. மணிமொழியின் கண் அங்கே போனதை அம்சவல்லி பார்த்தாள். நகர்ந்து, கேனை மறைத்தபடி நின்றாள்.

"நீங்க ரெண்டு பேரும் இத்தினி மாசமா கேன் தண்ணி குடிக்கிறீங்க."

அன்புச்செல்வன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"பக்கத்து வூட்ல விஜயலட்சுமி பம்புல அடிச்சுகினு போறா. பாத்துகினு இருந்தீங்க."

"சொன்னா ஒம் பேருதான் கெடும்," என்றாள் அம்சவல்லி. "ஒம் பேருக்கோசரம்தான் வாய மூடிகினு கெடந்தோம்."

மணிமொழி எழுந்தாள். தாளோடு குருணைகளை எடுத்துக்கொண்டாள்.

"எக்கா, எங்க போற? எக்கா, வேல பூடும்க்கா. எனுக்கு மட்டும் இல்ல, கொட்டை குடுக்கறத நிறுத்திடுவாரு. அம்மாவுக்கு, எல்லாருக்கும்." அன்புச்செல்வன் எச்சில் கையோடு வாசல் வரை வந்தான். "சார்கிட்ட சொல்லிக் கமுக்கமா சரிபண்ணலாம்க்கா. நாளையிலேர்ந்து நான் ஒழுங்கா ஓட்டறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். செல்வகுமார் சாருக்கும் அதுவே வேண்டியிருந்தது. டவர் ஓடும், தண்ணீர் தெளியும், போகப் போகப் பம்பும் சரியாகும். பழைய அழுக்கு என்று அவள் சொன்னது அப்போது உண்மையாகவே ஆகிவிடும். கெமிஸ்ட்ரி சொன்னால் சரியாக இருக்கும் என்பார்கள். வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு படியிறங்கினாள்.

*

கைப்பம்பில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். விஜயலட்சுமி அடித்துக்கொண்டிருந்தாள். குடத்திலிருந்து மெல்லிய முந்திரி வாடை வந்தது.

"கெமிஸ்ட்ரி வருதுடி. இன்னா மணி, மூஞ்சி வீங்கிக் கெடக்குது? தம்பிகூட சண்டையா?"

மணிமொழி சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். டவர் ஓடவில்லை, தண்ணீர் பழைய போரில் இறங்குகிறது, பழைய அழுக்கு என்று தான் சொன்னது தப்பு. பிளந்த குருணையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். மேலே கறுப்பு, உள்ளே செங்கல் நிறம். ஒருத்தியும் அதைப் பார்க்கவில்லை. கடைசியாகத் தம்ளரைச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் குடிச்சது அந்தத் தண்ணி இல்ல. எனக்குத் தெரியாது விஜயா. இப்பத்தான் தெரிஞ்சுது."

விஜயலட்சுமி பம்பின் கைப்பிடியை விட்டாள். அது மெதுவாக மேலே போய் நின்றது.

"ஒனக்கு மாத்திக் குடுக்க ஆளு இருந்துச்சு," என்றாள்.

ஒருத்தியும் மணிமொழியை வையவில்லை. வைதிருக்கலாம். ஒரு கிழவி மட்டும், "அவன் கூலிக்காரன், போவட்டும். நீ படிச்ச பொண்ணு, கேட்டிருக்க வேணாம்?" என்றாள். மணிமொழி பம்படியில் கிடந்த ஒரு சொம்பை எடுத்தாள். விஜயலட்சுமியின் குடத்தை நோக்கி நீட்டினாள்.

"ஊத்து. நான் குடிக்கிறேன்."

விஜயலட்சுமி அவள் கையிலிருந்து சொம்பை வாங்கிக் கவிழ்த்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"வேணாம். இனிமே நீ குடிச்சாலும் ஒண்ணுதான், குடிக்காட்டியும் ஒண்ணுதான்."

குடத்துத் தண்ணீரை மண்ணில் கொட்டினாள். மற்றவர்களும் கொட்டினார்கள். காலிக் குடங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆலைப் பக்கம் நடந்தார்கள். போகப் போக வீடுகளிலிருந்து ஆட்கள் சேர்ந்தார்கள். கட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சாம்பல் கையோடு எழுந்து வந்தார்கள். மணிமொழி கடைசியில் நடந்தாள்.

கேட்டுக்கு முன்னால் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, போன வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்தார்கள். மணிமொழி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இடம் விட்டு நகர்ந்தவர் யாரும் இல்லை, போ என்றவரும் இல்லை. உள்ளே ஆலை ஓடிக்கொண்டிருந்தது. மதிலுக்கு மேல் டவரின் தலை தெரிந்தது. வெயிலில் அது பளபளத்தது. துருப்பிடிக்காத ஸ்டீல்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்து வாங்கியது. இரண்டாவது ஷிப்ட் சங்கு ஊதியபோது அன்புச்செல்வன் பக்கவாட்டுச் சந்து வழியாக உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. பூட்டும் சாவியும் அவன் கையில் இருந்தன. மணிமொழியைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே பூட்டினான்.

பிற்பகலில் அம்சவல்லி வந்தாள். முந்தானைக்குள் ஒரு பாட்டில்.

"இந்த வெயில்ல எம்மா நேரம் குந்திகினு இருப்ப? இந்தா."

கேன் தண்ணீர் என்று கேட்க வேண்டியதில்லை. மணிமொழி அதை வாங்கினாள். திறக்காமல் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தாள். அவள் வாங்கி அடுத்தவளிடம் கொடுத்தாள். பாட்டில் கைமாறிக் கைமாறி விஜயலட்சுமியிடம் போனது. அவள் அதை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்தாள். தெளிவாக இருந்தது. அடுத்த கையில் கொடுத்தாள். வரிசையின் அந்தக் கோடி வரை போய், பின்வரிசை வழியாகத் திரும்பி, பாட்டில் அம்சவல்லியிடமே வந்து சேர்ந்தது. மூடி திறக்கப்படவில்லை. அதன் மேல் அத்தனை பேருடைய சாம்பலும் ஒட்டியிருந்தது.

அம்சவல்லி அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கேட்டுக்குப் பின்னால் நின்ற மகனைப் பார்த்தாள், தரையில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் வெயிலில் நின்றாள்.